மண்டபம் கேம்ப்... இறங்குறவங்க இறங்குங்க!

ராமேஸ்வரம் பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, 'பாம்பன் பாலம் எப்போ வரும்?'னுதான் நாம காத்துக்கிட்டு இருப்போம். அதுக்கு முன்னாடியே ஒரு ஸ்டாப் வருது பாஸ். மண்டபம் கேம்ப். ரயில்வே ஸ்டேஷனுக்கும் அதே பேர்தான்.

பிரிட்டிஷ் காலத்துல, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரங்களைத் தங்கவெச்சு, நோய் நொடி இருக்கானு பார்த்து அனுப்பின இடம் இது. 1983-க்கு அப்புறம் கதை தலைகீழ். போருக்குப் பயந்து அங்கிருந்து படகுல வந்தவங்களைத் தங்கவெச்சாங்க. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாத்தினாங்க. கண்டக்டருக்கு என்னவோ இன்னமும் 'கேம்ப்'தான்!

அனுமதி இல்லாம உள்ளே போக முடியாது. அதனால டீக்கடையில வெயிட்டிங். என் ரூம்மேட்டோட ஸ்கூல் சீனியர் வந்தார். பி.இ. மெக்கானிக்கல், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஒரு அரியர்கூட இல்லை (என்னைக் கேட்காதீங்க!). முழங்கை வரைக்கும் வெள்ளை பெயின்ட்.

"ஸாரி தம்பி, சைட்ல இருந்து நேரா வர்றேன்."

அப்பா, அம்மா 1990-ல் வந்தவங்க. இவர் பிறந்தது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில். "ஸ்ரீலங்காவை மேப்லதான் பார்த்திருக்கேன்" என்கிறார். ஆனா, 1987 ஜூலைக்கு அப்புறம் இங்கே பிறந்திருந்தா மட்டும் போதாது, பெற்றோரில் ஒருத்தராவது இந்தியரா இருக்கணும் என்கிறது சட்டம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்னுடுச்சு. இலங்கை லிஸ்ட்லயே இல்லை.

படிக்க வழி இல்லாம இல்லை. முகாம் மாணவர்களில் மார்க் அடிப்படையில் முதல் 50 பேருக்கு இன்ஜினீயரிங் படிப்புச் செலவை ஏத்துக்கிறதா 2021-ல் தமிழக அரசு அறிவிச்சது. நிஜமாவே நல்ல விஷயம். சுவர் நிக்கிறது அதுக்கு அப்புறம்தான்.

"கேம்பஸ் இன்டர்வியூல மூணு ரவுண்டு கிளியர் பண்ணிட்டேன். கடைசியா பாஸ்போர்ட் காப்பி கேட்டாங்க. 'இல்லை'ன்னேன். 'அப்ளை பண்ணிட்டு மெயில் போடுங்க'ன்னாங்க. அப்ளிகேஷன்ல நேஷனாலிட்டினு ஒரு காலம் இருக்கே, அதுல நான் என்ன எழுதுறது?"

கவுன்சலிங் ஃபார்ம்ல அந்தக் காலத்தை நான் ஒரு செகண்ட்ல தாண்டி வந்தேன். கட் ஆஃப் போடும்போதுதான் எனக்குக் கை நடுங்குச்சு.

தங்கை ப்ளஸ் டூ. பயாலஜியில் புலி. டாக்டர் ஆசை. அரசு மருத்துவக் கல்லூரி சீட்டுக்கு இந்தியக் குடியுரிமை வேணும் என்பதை அவளிடம் யார் சொல்றதுனு வீட்டில் இன்னும் முடிவாகலை. "அம்மம்மா சொல்லட்டும்னு அம்மா சொல்றா. அம்மம்மா என்னைக் கை காட்டுறா."

டீக்குக் காசு கொடுக்க விடலை. பஸ் வர்ற நேரத்துல கேட்டார்...

"உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணா. பிளேஸ்மென்ட்டுக்குக் கேப்பாங்கன்னு எடுத்தது. சும்மா பீரோல கிடக்கு."

"எத்தனை நாள்ல வந்துச்சு?"

"பத்து நாள்ல."

தலையை ஆட்டினார். நான் பஸ் ஏறினேன்.