சீரிஸ் பல்ப்

பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் திருகாணிகளைத்தான். பெட்டி எந்த ஊரில் குடியிருந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தது என்றால் உள்ளே தேரி மண் செந்தூசியாகப் படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். எங்கள் பெரியதாழையிலோ மணப்பாட்டிலோ உவரியிலோ இருந்தது என்றால் திருகாணி திரும்பவே திரும்பாது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அலுமினிய ஹீட் சிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஆடிக் காற்றில் உப்பு வந்து ஜன்னல் கண்ணாடியை மங்கடித்துவிடுகிற ஊர் இது. இரும்பையும் செம்பையும் சும்மா விடுமா?

கிதாருக்கு இந்தக் கரையில் வேலை அதிகம். 1542-இல் சவேரியார் வந்து இறங்கிய முத்துக்குளித்துறை. ஊருக்கு ஊர் கோயில், கோயிலுக்குக் கோயில் பாடகர் குழு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தது. ஆர்மோனியத்தின் பக்கத்தில் கிதாரும் மெல்ல வந்து உட்கார்ந்தது. திருவிழா என்றால் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி உண்டு. புரட்டாசி பிறந்தால் குலசை தசராக் குழுக்கள் மேளத்தோடு கீபோர்டும் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் ஊருக்கு வரும்போது டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த காலத்தில், ஒன்றிரண்டு பேர் கிதார் ஆம்பும் கொண்டுவந்தார்கள். அவற்றில் சில இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது என் மேஜையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120. மற்றது பெயர்ப்பலகை இல்லாதது. யாரோ ஒரு மெக்கானிக் நம் பக்கத்திலேயே தேக்குப் பலகையில் கூடு அடித்து, மெல்லிசைக் குழுவுக்காகக் கையால் சேர்த்துக் கட்டியது.

ஜாஸ் கோரஸ் 1975-இல் வந்த ஆம்ப். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக 60 வாட். கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கர் கிதாரை உள்ளபடியே பாடும். இன்னொன்று அதையே இம்மியளவு பிந்தி, சுருதி லேசாக அலைய அலையப் பாடும். இரண்டும் கலப்பது கம்பிக்குள் அல்ல, அறையின் காற்றில். அந்தத் தாமதத்தை உண்டாக்குவது ஒரு சின்ன ஐ.சி. வள்ளத்து மீனைக் கூடை கூடையாகக் கைமாற்றிக் கரை சேர்ப்பதுபோல, ஒலியைக் கண்டென்சர் விட்டுக் கண்டென்சராக அது கைமாற்றிக் கொண்டுபோகிறது. நம் கோயில்களின் உயரமான கூரைக்குக் கீழே அந்த ஓசை பரவும்போது, கிதார் வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று தேடத் தோன்றும்.

பையன்கள் வந்து கேட்பார்கள்: "அண்ணாச்சி, இது டியூப் ஆம்ப் மாதிரி பேசுமா?" பேசாது. அதை மறைத்து நான் யாருக்கும் ஒரு பெட்டியும் வாங்கித் தந்ததில்லை. டியூபை, அதாவது வால்வை, அதன் எல்லைக்குத் தள்ளினால் அலையின் முனை மெல்ல மெல்ல மழுங்கும், காதுக்கு அது இதம். டிரான்சிஸ்டர் எல்லை வரைக்கும் சுத்தமாகப் போய், அங்கே கத்தி வைத்து நறுக்கியதுபோல வெட்டிவிடும். கேட்டால் புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம். ராக் வாசிக்க ஆசைப்படும் பையன் இதை வாங்கினால் ஏமாந்துபோவான்.

ஆனால் நம் மேடையில் கிதாருக்கு என்ன வேலை என்பதையும் பார்க்க வேண்டும். மெல்லிசைக் கச்சேரியில் கிதார் வாசிக்கிற யாரையும், 1982-இல் வந்த 'இளைய நிலா'வை வாசிக்கச் சொல்லாமல் ஜனங்கள் இறக்கிவிடுவதில்லை. அதில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே விழ வேண்டும். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஏறக் கூடாது. அந்தச் சுத்தத்துக்குப் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும். போதும் என்ன, அதுதான் சரி. வாசிப்பவரின் விரல் தடுமாறினால் அதையும் அப்படியே காட்டிவிடும். பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இந்த இனத்துக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1966-இல் ஃபெண்டர் கம்பெனி டிரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. பழுதுக்கு மேல் பழுது, ஓசையும் யாருக்கும் பிடிக்கவில்லை. சில வருஷத்திலேயே அதைக் கைவிட்டார்கள். பழி மட்டும் மொத்த இனத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் பி.பி. கிங் போன்ற பெரிய கிதார்க்காரர் லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பில் வருஷக்கணக்காக வாசித்த பிறகும் அது முழுசாகப் போகவில்லை.

என் மனசுக்கு நெருக்கம் அந்தப் பெயரில்லாத பெட்டிதான். அதன் போர்டைக் கையில் எடுத்தால் சர்க்யூட்டைக் கண்ணாலேயே படிக்கலாம். இது முதல் டிரான்சிஸ்டர், இது டோன், இது டிரைவர், கடைசியில் தொப்பி போட்ட இரண்டு 2என்3055. இரண்டும் ஒரே ஜாதி. ஜோடியாக எதிர்ஜாதி ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது கிடைப்பது அருமை, விலையும் அதிகம். அதனால் ஒரே ஜாதி இரண்டையே வைத்து, ஒன்றைத் தலைகீழ் வேலை வாங்கும்படி சர்க்யூட்டை அமைத்தார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒரு கண்டென்சர். டிரான்சிஸ்டர் செத்தாலும் டி.சி.யைத் தடுத்து ஸ்பீக்கரைக் காப்பது அதுதான். அடித்தொனி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அந்தக் கண்டென்சர் இல்லாத பெட்டி எப்படி வஞ்சிக்கும் என்பதை நான் கண்டது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பக்கத்து ஊர்ப் பாடகர் குழுவின் ஆம்ப், நேர் இணைப்பு வகை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது, மாற்றினேன். அதை ஓட்டுகிற டிரைவரும் ஷார்ட் ஆகியிருந்ததை அளந்து பார்க்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். 35 வோல்ட் டி.சி. அப்படியே காயிலுக்குள் இறங்கியது. எட்டு ஓம் காயில் மீட்டரில் ஆறு ஓம்தான் காட்டும். கணக்குப் போட்டால் 5 ஆம்பியருக்கு மேல். கோன் ஒரே தள்ளாக முன்னால் வந்து நின்றது. வார்னிஷ் கருகிய வாடை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று நடுச்சாமப் பூசையில் அந்தப் பிள்ளைகள் ஆம்ப் இல்லாமல் பாடினார்கள். காயிலை என் செலவில் கட்டிக்கொடுத்தேன். ஆனாலும் அந்த ராத்திரியை என்னால் திருப்பிக்கொடுக்க முடியாது.

வால்வு ஆம்ப் சாகும் முன் சொல்லும். ஓசை மங்கும், முணுமுணுக்கும். டிரான்சிஸ்டர் அப்படியில்லை. நேற்றுவரை நன்றாகப் பாடியது இன்று சுவிட்ச் போட்டதும் போய்விடும். அதனால் இப்போது எந்த ஆம்பையும் சீரிஸ் பல்ப் வழியாகவே உயிர்ப்பிக்கிறேன். 100 வாட் குண்டு பல்ப், மெயின் லைனோடு வரிசையில். சுவிட்ச் போட்டதும் பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு அடங்கினால் கண்டென்சர்கள் நிரம்பிவிட்டன, நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்ப் அடங்கின பிறகும் ஸ்பீக்கரை மாட்டமாட்டேன். அவுட்புட்டில் மீட்டர் வைத்து, டி.சி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

ஜாஸ் கோரஸிலும் குறை உண்டு. கச்சேரி மேடையில் தெரியாத 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், பூசையில் எழுந்தேற்றத்தின் மௌனத்தில் கோயில் முழுக்கக் கேட்கும். அது அந்த ஆம்பின் பிறவிக்குணம், கண்டென்சர் மாற்றி முழுசாகப் போக்க முடியாது. அந்த நேரம் வால்யூமை இறக்கிவைக்கச் சொல்வேன். சொந்தக்காரரிடம் இன்னும் இரண்டு சொல்வேன். பிளாஸ்டிக் உறை போட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும், பருத்தித் துணி போதும். வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடட்டும், அந்தச் சூட்டில் ஈரம் வெளியேறும்.

பெரிய துன்பம் பாகங்கள்தான். இன்று கடையில் 2என்3055 என்று அச்சடித்து விற்பதில் போலி நிறைய. சென்னை ரிச்சி தெருவில் ஒருமுறை பத்து வாங்கி வந்து, ஓட்டிப் பார்த்ததில் ஒரே வாரத்தில் நான்கு போயின. ஒன்றின் தொப்பியை ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சில்லு. பழைய அசலையும் பக்கத்தில் அறுத்து வைத்தேன். அதில் சில்லு சுண்டுவிரல் நகத்தில் பாதிக்கு இருந்தது. 115 வாட் சூட்டைத் தாங்கும் என்று எழுதியிருப்பது இதை நம்பித்தான்.

செத்துப்போன ஆம்ப்களிலிருந்து கழற்றி, அளந்து தேறிய அசல்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களையும் உள்ளே போட்டு மூடிவைத்திருக்கிறேன். நேற்று எண்ணியபோது பதினான்கு. பெயரில்லாத பெட்டிக்கு இரண்டு வேண்டும். ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடியாகத் தேடி எடுத்து மைக்காவுக்கு வெள்ளைப் பசை தடவி வைத்திருக்கிறேன். கரன்ட் வந்ததும் பல்பில் போட வேண்டும்.