நீர் நிற்காத தடம்

வான்கூவர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள் இருக்கின்றன. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் இவற்றில் வந்து முட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கொட்டித் தீர்க்கும். இந்தப் பகுதியின் பெயர் நார்த் ஷோர்; அதைச் சொன்னால் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உலகின் எந்த மூலையிலும் புரியும். அந்தக் காட்டுத் தடங்களைக் கூலி வாங்காமல் பராமரிக்கிறவர்களோடு வேலை செய்து பார்க்க, அக்டோபரில் ஃப்ரோம் மலைக்குப் போனேன்.

மவுண்டன் ஹைவே என்னும் சரளைச் சாலையின் இரும்புக் கதவருகே சனிக்கிழமை காலையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர், இரவுப் பணி முடித்து நேரே வந்த செவிலியர், கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஆசிரியர் சைக்கிள் ஓட்டுவதில்லை. தினமும் நாயோடு இந்தக் காட்டில் நடப்பவர். "நானும் இதே தடத்தில்தானே நடக்கிறேன்" என்றார்.

மழைக்காலம் தொடங்கும்போது எதற்கு மண்வேலை என்று குழுத்தலைவியிடம் கேட்டேன். "கோடையில் இந்த மண் வெறும் பொடி. எவ்வளவு இடித்தாலும் ஒட்டாது. ஈரம் இறங்கினால்தான் எங்களுக்கு வேலைக்காலம்" என்றார்.

கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினோம். புலாஸ்கி என்பது ஒருபுறம் கோடரி, மறுபுறம் களைக்கொத்து போன்ற வெட்டு. 1910-இல் ஐடஹோ காட்டுத்தீயில் தன் ஆட்களைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. மெக்லவுட் என்பது ஒரு பக்கம் கனத்த பல்வாரி, மறுபக்கம் அகன்ற மண்வெட்டி; நிமிர்த்திப் பிடித்தால் அதன் தட்டையான அடிப்பாகத்தால் மண்ணை இடித்து இறுக்கலாம். இரண்டுமே காட்டுத்தீயோடு போராடியவர்களின் கருவிகள்.

முதல் வேலை மண் தேடுவது. இந்தக் காட்டின் மேற்பரப்பு முழுக்க ஊசியிலையும் மக்கிய மரமும்தான். பஞ்சாக நீரைக் குடித்துவைத்திருக்கும். சக்கரம் நாலு முறை ஏறினால் சேறு. அதைத் தோண்டி அகற்றினால் அடியில், பனியாறுகள் விட்டுப்போன பழுப்பு நிறக் கனிம மண் கிடைக்கும். தடத்தின் மேல் போட வேண்டியது அதுதான். அதற்கான குழியைத் தடத்திலிருந்து தள்ளி, விழுந்து கிடக்கும் பெருமரத்துக்குப் பின்னால், நடப்பவர் கண்ணில் படாதபடி வெட்டுகிறார்கள். வேரையும் மக்கலையும் கையாலேயே பொறுக்கி எறிந்துவிட்டு வாளியில் நிரப்பிச் சுமக்க வேண்டும். "அரை வாளி போதும், முதுகு நாளைக்கும் வேண்டும்" என்று செவிலியர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நாங்கள் சரிசெய்யப் போன இடம் ஒரு வளைவு. நீர் தேங்கி, சேறாகி, ஓட்டுகிறவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓட்டி, ஒற்றையடித் தடம் மூன்று ஆள் அகலத்துக்குப் பரந்துவிட்டிருந்தது. ஓரத்துப் பெரணிச் செடிகள் நசுங்கிக் கிடந்தன. தேவதாரு வேர்கள் தோல் உரிந்து வெளியே தெரிந்தன. உடனே மண்ணைக் கொட்ட யாரையும் தலைவி விடவில்லை. மழை வலுத்த நேரத்தில் எல்லோரையும் நிறுத்தி, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபட்டு நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். சக்கரங்கள் ஒதுக்கிய மண் பள்ளத்தாக்குப் பக்கம் வரம்பாகத் திரண்டு, வெளியேற வேண்டிய நீரை மறித்துக்கொண்டிருந்தது. அந்த வரம்பை வெட்டி எறிந்தோம். கழனியில் மடை திறந்ததுபோல் நீர் சரிவில் இறங்கியது.

தடம் அமைக்கும் கணக்குகள் எளியவை. ஒரு மீட்டர் அகலத் தடம் பள்ளத்தாக்குப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர் சாய்ந்திருக்க வேண்டும்; அப்போது நீர் தடத்தின் வழியே ஓடாமல் குறுக்கே கடந்துபோகும். தடத்தின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நெடுக இறங்கும் இடத்தில் நடுநடுவே சிறு மேடு வேண்டும்; இறங்கி வரும் நீர் அங்கே வெளியே திரும்பிவிடும். கணக்கு இவ்வளவுதான் என்றாலும், வேர்களும் பாறைகளும் நிறைந்த சரிவில் அதைக் கொண்டுவருவதற்கு அனுபவப்பட்ட கண் வேண்டும்.

கல் பதிப்பதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதும் ஊற்று கசியும் பகுதியில் மண் நிற்காது. கல் பாவ வேண்டும். தட்டையான கல்லைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துகிறார்கள். முக்கால்வாசி மண்ணுக்குள் போய்விடும், விளிம்பு மட்டும் மேலே தெரியும். கீழ்முனையில் இருப்பதிலேயே பெரிய கல். அதில் சாய்த்து அடுத்தது, அதில் சாய்த்து இன்னொன்று என்று மேல்நோக்கி ஏறுகிறது வரிசை. ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்க்கிறார் ஒரு மாணவி. துளி ஆட்டம் தெரிந்தாலும் பிடுங்கி, குழியைச் செதுக்கி, திருப்பி வைக்கிறார். இடுக்குகளில் சிறு கல்லை அடித்து இறுக்கி, கடைசியில் மண்ணால் பூசிவிட்டால் வேலை முடிந்தது. கைநீளத்துக்குக் கல் பாவுவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

இந்த மலைகளில் 1980-களின் கடைசியிலும் 90-களிலும் தடம் போட்டவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டவர்கள் அல்லர். விழுந்து கிடந்த செந்தேவதாருவைப் பிளந்து, ஏணிபோல் பலகை அடுக்கி, சேற்றுக்கும் பாறைக்கும் மேலாகப் பாலம் கட்டினார்கள். டிக்கர் என்று எல்லோரும் அழைக்கும் டாட் ஃபியாண்டர் அவர்களில் முதன்மையானவர். அவர் எடுத்த வீடியோக்கள் வழியேதான் நார்த் ஷோர் பாணி உலகமெங்கும் போனது. ஆனால் மரம் உளுத்துப்போகும். விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. தடங்களை மூடிவிடலாம் என்ற பேச்சும் கிளம்பியது. நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம் 1997-இல் தொடங்கியது இந்தச் சூழலில்தான். இன்று நகராட்சி, பெருநகர நிர்வாகம், மாகாணப் பூங்காத் துறை என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய நிர்வாகத்தோடு பேசி, அனுமதி பெற்று வேலை செய்கிறார்கள். கடைகளும் நிறுவனங்களும் ஆளுக்கொரு தடத்தைத் தத்தெடுத்துப் பணமும் ஆட்களும் தருகின்றன.

சைக்கிள்காரர்கள் சங்கம் சேர்ந்த கதை கலிஃபோர்னியாவிலும் உண்டு. தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அங்கிருந்த ஐந்து கழகங்கள் 1988-இல் சேர்ந்து பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. சக்கரம் காட்டைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக ஆய்வுகளை எடுத்துக்காட்டுவார்கள். மொன்டானாவில் செய்யப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வொன்று, நனைந்த தடத்தில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரத்தைவிட அதிக மண்ணைக் கிளப்புகின்றன என்று கண்டது. அது கூட்டங்களில் பேச உதவும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்து கணுக்கால் வரை சேற்றில் இறங்கிய ஒருவரிடம் அந்தத் தாளை நீட்டிப் பயனில்லை. அவருக்குச் சேறு இல்லாத தடம் வேண்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இடையே இங்கே பகை குறைந்திருக்கிறது என்றால், இந்த வாளிகளுக்குத்தான் அதில் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். நாங்கள் வேலை செய்தபோது நடந்து கடந்துபோனவர்கள் பலர் நின்று நன்றி சொன்னார்கள். ஒருவர் தடியைச் சாய்த்துவைத்துவிட்டு ஒரு கல்லை உருட்ட உதவினார்.

உரிமை என்று எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு மெலிதானது என்பதற்கு வெர்மான்ட் உதாரணம் போதும். அங்கே கிங்டம் டிரெய்ல்ஸ் என்னும் மலைச் சைக்கிள் தடங்கள் ஏறக்குறைய நூறு தனியார் நிலங்களின் வழியே போகின்றன. 2019 டிசம்பரில் மூன்று நிலக்காரர்கள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேர்பெற்ற தடங்கள் பல அத்தோடு கைவிட்டுப்போயின.

நார்த் ஷோரில் இன்னும் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மலைகள் ஸ்குவாமிஷ், ஸ்லேல்-வாட்டுத் தொல்குடி மக்களின் நிலம். நகராட்சியின் அனுமதியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடாது. கீழே லின் ஓடையில் சால்மன் முட்டையிடுகிறது. மேலே நாங்கள் கிளப்பும் வண்டல் அங்கே போய்ப் படிந்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். அனுமதியின்றி இரவில் தடம் வெட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அன்று அனுமதி கேட்காமல் தடம் போட்ட முன்னோடிகள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இந்த உருவில் இருந்திருக்காது. ஆனாலும் இன்று அப்படி வெட்டுவது, பகலில் வாளி சுமப்பவர்களின் உழைப்பைப் பறிப்பதாகும்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஓட்ட வருகிறவர்களில் தோண்ட வருகிறவர்கள் மிகச் சிலர். சனிக்கிழமை ஓய்வு கிடைக்காத தொழிலாளிக்கு இந்தக் கூட்டத்தில் இடம் எப்படிக் கிடைக்கும்? தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பொது நிர்வாகம் தன் செலவைக் குறைத்துக்கொள்ளவும் கூடாது. தலைவியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மாலை நேர வேலை நாட்களும் வைக்கிறோம் என்றார். தடம் அமைக்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்றார்.

மண் எடுத்த குழியில் உடைந்த கிளைகளையும் உளுத்த கட்டைகளையும் நிரப்பி, மேலே மக்கலைப் பரப்பினோம். ஆசிரியர் பாசி படிந்த ஒரு துண்டை எடுத்துவந்து பொருத்தினார். தலைவி எல்லோருடைய பெயரையும் மணிநேரத்தையும் தாளில் குறித்துக்கொண்டார். நகராட்சியோடு அடுத்த பேச்சில் அந்தக் கணக்கைத்தான் மேசையில் வைப்பார்களாம். "நவம்பரில் முதல் பெருமழை விட்டதும் இந்த வளைவை வந்து பாருங்கள்" என்றார் கல் பதித்த அந்த மாணவியிடம். "கல் ஒன்று ஆடினாலும் வரிசை முழுவதையும் பிரித்துக் கட்டுவோம்."