ஜாமீன்

சங்கீத வித்வான்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதற்குச் சங்கீதம் காரணமல்ல. மத்தியானச் சாப்பாடுதான் காரணம். நான் வேலை பார்த்த ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர் கடம் வாசிப்பவர். பகலில் பேரேடு, மாலையில் பானை. டிபன் டப்பாவைத் திறந்தாரானால் முந்தின நாள் கச்சேரிக் கதையும் கூடவே திறந்துகொள்ளும். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு பெரிய பாடகரோடு பழகவேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் சொன்னேன். அவர் என்னை நேரே பாடகரிடம் அழைத்துப் போய்விடவில்லை. முதலில் மிருதங்கக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மிருதங்கக்காரர் ஒரு மாதம் என்னை எடை போட்டுப் பார்த்துவிட்டு வயலின்காரரிடம் கொண்டுபோய் விட்டார். வயலின்காரர் வீட்டில் நாலைந்து தடவை காப்பி குடித்த பிறகுதான் பாடகர் வீட்டுக் கூடத்தில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

"இவ்வளவு சுற்று எதற்கு, ஸார்?" என்று கேட்டேன்.

"எங்கள் பிழைப்பே அப்படித்தான்" என்றார்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. கச்சேரிக்குப் பெரும்பாலும் கிடையாது. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் மேடையில்தான் முதன்முதலாகச் சந்திப்பதும் உண்டு. இரண்டரை மணி நேரம் ஒருவர் மானம் மற்றவர் கையில். அதனால், "வாசிப்பு சுத்தம், மேடையில் அடக்கம்" என்று இன்னொருவர் சொல்லும் வார்த்தைதான் அங்கே மூலதனம். இடது கைக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தோடு உட்கார்ந்தால் மேடையில் மற்றவர் இடம் மாறி உட்காரவேண்டும். முகம் சுளித்தவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குத் துணை நின்றார். அப்படித் துணை நிற்கிறவர் வெறும் சிபாரிசா செய்கிறார்? தம் பெயரையே அல்லவா அடகு வைக்கிறார்!

இது எனக்கு அப்போது தெரியவில்லை.

1984 டிசம்பரில் ஒரு நாள் சிநேகிதரின் மேஜைக்கடியில் துணிப்பையில் ஒரு புதுக் கடம் இருந்தது. மானாமதுரைச் சரக்கு. மிருதங்கத்தையாவது கல்லால் தட்டிச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம். கடத்தின் சுருதி சூளையிலேயே வெந்து முடிந்துவிடுகிறது. சுருதிக்கு ஒரு பானை வேண்டும்.

"புதிதாக இருக்கிறதே?" என்றேன்.

"அண்ணா ஒன்றரைக் கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார். மேலே நிற்க முடியவில்லை. சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பானைக்குத் தெரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மோர்சாதத்தைப் பிசைந்தார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சிறுகதை எழுதினேன். பாடகரின் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பருமனான மனிதரை ஒல்லியாக்கினேன். பானையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பொங்கல் மலரில் வந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நானும் அவற்றைப் பத்திரப்படுத்தினேன்.

சிநேகிதர் ஒன்றும் சொல்லவில்லை. "படித்தேன்" என்றார், அவ்வளவுதான். அடுத்த டிசம்பரில், மற்ற வருஷங்களில் நாலு மணிக்கே பர்மிஷன் கேட்டு ஓடுகிறவர், ஆறு மணிக்கு மேலும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடகர் அவரைக் கூப்பிடவில்லை. பாடகர் கூப்பிடாததால் மிருதங்கக்காரரும் வேறு இடங்களில் அவர் பெயரைச் சொல்லவில்லை. வந்த வழியே சங்கிலி அறுந்துகொண்டு போயிற்று.

நான் பாடகர் வீட்டுக்குப் போனேன். "குற்றம் என்னுடையது. அவர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "எழுதுகிறவர் எழுதத்தான் செய்வார். உங்களோடு எனக்கு என்ன வழக்கு? உங்களை நான் கூப்பிட்டேனா? அவரல்லவா கூட்டிக்கொண்டு வந்தார்?" என்றார். உள்ளேயிருந்து காப்பி வந்தது. எப்போதும் போல நல்ல டிகாக்ஷன். என்னால் குடிக்க முடியவில்லை.

கடன் வாங்கியவன் நான். கட்டியவர் ஜாமீன் போட்டவர்.

மூன்று வருஷம் கழித்துப் பாடகரே அவருக்கு ஆள் அனுப்பினார். சுருதி இறங்கியது அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அந்த மூன்று டிசம்பர்களை மட்டும் யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகும் சிநேகிதர் என்னைப் பல வித்வான்களிடம் அழைத்துப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே முகவுரைதான்: "இவர் என் சிநேகிதர். நல்லவர். கதை எழுதுவார், அளந்து பேசுங்கள்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த எச்சரிக்கையை அவர் ஒரு தடவையும் விட்டதில்லை. என்னை அழைத்துப் போவதையும் விட்டதில்லை.