வெடிப்பு

இரண்டு வருஷம் இதை மூலம் என்றே சொல்லிவந்தேன். நம்மிடையே பின்புறத்து உபாதை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் சாப்பிட்டேன். பிறகு, சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று சாப்பாட்டையே குறைத்தேன். யாரிடமும் காட்ட மட்டும் கூச்சம். கடைசியில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பு.

இறுகிய மலம் கிழிக்கிறது. வலியில் உள்சுருக்குத் தசை இறுகுகிறது. அது இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறுவதில்லை. வலிக்குப் பயந்து போவதைத் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்டது மேலும் இறுகி மறுபடியும் கிழிக்கிறது. அந்த உள்தசை நம் இச்சைக்குக் கட்டுப்பட்டதல்ல. தளர்ந்துகொள் என்று அதற்கு உத்தரவிட முடியாது. என் கையில் இருந்தது, உணர்வு வந்தவுடன் போய்விடுவது. கடிதங்களையும் கட்டுரைகளையும் தள்ளிப்போட்டே வாழ்ந்தவனுக்கு அது லேசில் வரவில்லை.

சிகிச்சையில் மர்மம் ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிஷம் உட்கார்வது. ராத்திரி இசப்கோல், பகலெல்லாம் தண்ணீர், காய்கறி. பிறகு டில்டியாசெம் களிம்பு. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற அதே மருந்து, தடவினால் தசை தளர்கிறது. 6 முதல் 8 வாரம் என்றார் டாக்டர். மூன்றாம் வாரம் வலி போயிற்று. எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெடிப்பு திரும்பி வந்தது. மறுபடி வலி போயிற்று, மறுபடி நிறுத்தினேன். மூன்றாம் முறை அவர் ஆபரேஷன் பற்றிப் பேசினார். உள்தசையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் குணமாகும், சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் சக்தி குறையலாம். அதைக் கேட்ட பிறகுதான், வலி போவது வேறு புண் ஆறுவது வேறு என்பது எனக்கு உறைத்தது.

இப்போது இசப்கோலை விடுவதில்லை. கக்கூஸில் பத்திரிகை படிப்பதையும் நிறுத்திவிட்டேன், இந்தப் பத்திரிகை உட்பட.

உடம்பை எழுதுவதாக நாம் நிறையப் பேசுகிறோம். போன மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், நாற்காலி காலியிருந்தும், கடைசிவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் விசாரித்தேன். தயங்கி, ‘மூலம்’ என்றார். ரத்தமும் வருகிறதாம். யாரிடம் காட்டினீர்கள் என்றேன். பதிலில்லை. டீக்கடையில் நின்றபடியே, குரலைத் தணிக்காமல், என் கதையை முழுக்கச் சொன்னேன். வெடிப்பா, மூலமா, வேறு ஏதாவதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். மறுநாள் நானும் அவரோடு டாக்டரிடம் போனேன்.