புதிய கார்ட்ரிட்ஜ்

எங்களிடம் இருந்தவற்றில் அதுதான் புதியது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முதுகில் நான் ஒட்டிய தேதிச் சீட்டு பளிச்சென்று இருந்தது.

அப்போது ஒரு சிறிய காப்பகத்துக்கு பேக்கப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து சேர்ப்பது அவர்கள் பணி. டேப்களுக்கு நான் வைத்திருந்த விதி, வாங்கி ஐந்து வருடமானால் மாற்றிவிடுவது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல.

ஆனால் டேப்பை அதிகம் தேய்ப்பது ஓட்டம். எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 846 மீட்டர் நாடா இருக்கிறது. அதை ஒருமுறை நிரப்ப, நாடா முனைக்கு முனை 136 தடவை ஓட வேண்டும். ஏறக்குறைய 115 கிலோமீட்டர். இது சீரான ஓட்டத்தின் கணக்கு. தரவு மெதுவாக வந்தால் டிரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி எழுதத் தொடங்கும். ஷூவுக்கு பாலிஷ் போடும் துணிபோல நாடா முன்னும் பின்னும் உரசும்.

அந்தப் புதிய கார்ட்ரிட்ஜில்தான் இரவுதோறும் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதினோம். பழையவை மாதம் ஒருமுறைதான் வெளியே வந்தன. விதிப்படி பழையவற்றை மாற்றினேன். இதைத் தொடவில்லை.

எழுதும்போது பிழை நேர்ந்தால் டிரைவ் அதே தகவலைத் தள்ளி மறுபடி எழுதிவிடும். படிக்கும்போது நேர்ந்தால் முடிந்தவரை கணக்குப் போட்டுத் திருத்திவிடும். அறிக்கையில் 'வெற்றி' என்றே வரும். எத்தனை முறை ஏற்றினோம், எவ்வளவு எழுதினோம் என்பதெல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிப்பில் பதிவாகியிருந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

சர்வரின் டிஸ்க் பழுதான அன்றுதான் பார்த்தேன். ஒரு மூதாட்டியின் பதிவைப் படிக்க முடியவில்லை. மீட்பு நிறுவனம் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தது. நாற்பது நிமிடம் போனது போனதுதான். இன்னொரு பிரதி இருந்திருக்க வேண்டும். அதற்கும் நான்தான் பொறுப்பு. மறுபடி பதிவு செய்யலாமா என்று கேட்டேன். அவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றார் காப்பகப் பொறுப்பாளர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது மாதந்தோறும் சிப்பின் எண்களைக் குறித்து வைக்கிறேன். திருத்தங்கள் ஏறினால் அதே கார்ட்ரிட்ஜை வேறு டிரைவில் போட்டுப் பார்ப்பேன். அங்கேயும் ஏறினால் பெரும்பாலும் டேப்தான் காரணம். ஒரே டிரைவில் எல்லா டேப்பிலும் ஏறினால், அந்த டிரைவின் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கழிப்பதற்கு முன் உள்ளதை நகலெடுத்து, நகலைப் படித்துச் சரிபார்ப்பேன். மூன்று மாதத்துக்கொருமுறை ஏதாவது ஒரு ஒலிக்கோப்பை டேப்பிலிருந்து மீட்டு, முழுதாக உட்கார்ந்து கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒன்றைக் கழித்தேன். வாங்கி எட்டு மாதம்தான். "இது புதுசாச்சே" என்றார் கணக்குப் பார்ப்பவர். நான் தேதிச் சீட்டைப் பார்க்கவில்லை. எண்கள் இருந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.