ஆர் என்ற எழுத்து

ஜூலை 3, வியாழன்

பிளட் கல்ச்சர் ரிப்போர்ட் என்பது ஒரே ஒரு தாள். மேலே கிருமியின் பெயர்: கிளெப்சியெல்லா நிமோனியே. அதன்கீழ் இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். பெரிய மருந்தான மெரோபெனமுக்கு நேராகவும் ஆர். வீட்டில் நடப்பதை இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு மனசில் தெம்பும் இல்லை. இந்தத் தாளில் உள்ளது எப்படி வந்தது என்பதை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும். தேதி போட்டு எழுதினால் யோசனை கலையாது.

ஜூலை 4

இரண்டாவது பாட்டிலிலும் அதே கிருமி. அப்படியானால் ஊசி குத்தும்போது தோலிலிருந்து தவறி ஒட்டியது அல்ல.

ஜூலை 6, ஞாயிறு

யாரிடம் பேசினாலும் ஒரே பதில்தான்: மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டதால் வந்த வினை. அதில் உண்மை இருக்கிறது. சீசனில் குற்றாலம் வந்து இரண்டு நாள் அருவியில் நின்றுவிட்டு, மூன்றாம் நாள் தொண்டை கட்டியதும் அசித்ரோமைசின் கேட்பவர்கள் உண்டு. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. குடலில் சும்மா கிடக்கும் கிருமிகளைக் கொன்று, எதிர்த்து நிற்கப் பழகியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். சீட்டில்லாத விற்பனையைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் அமலில் உள்ள எச்1 அட்டவணைப்படி, அதில் சேர்ந்த ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செங்கோட்டை தாண்டிப் புளியரைச் சாவடியைக் கடந்தால் கேரளம். மற்ற மாநிலங்களுக்கு முன்னால் 2018இலேயே மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிராகச் செயல்திட்டம் போட்ட மாநிலம் அது. 2024 ஜனவரியிலிருந்து, சீட்டில்லாமல் விற்கிறார்களா என்று கடைகளில் திடீர்ச் சோதனையும் நடத்துகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

ஆனாலும் அந்தப் பதில் இந்தத் தாளுக்குப் போதவில்லை. மெரோபெனம் விழுங்குகிற மாத்திரை இல்லை, நரம்பில் ஏற்றுகிற மருந்து. பயணப்பையில் போட்டுக்கொண்டு வந்து யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. அது அன்றாடம் ஓடுகிற இடம் ஆஸ்பத்திரி வார்டும் ஐசியுவும்தான். அந்த மருந்தையும் தாங்கி நிற்கும் கிருமி ஓங்கி வளர அதைவிடத் தோதான இடம் வேறு ஏது? இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசாகத் தள்ளக்கூடியது அல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்ததில் 51இலும், குடிநீரில் 50 எடுத்ததில் 2இலும், மெரோபெனம் வகை மருந்துகளை உடைக்கும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. சாக்கடை வரை வந்துவிட்ட ஒன்றுக்கு ஆஸ்பத்திரியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாக்கடையில் இருப்பது, குடலில் இருப்பது, ரத்தத்தில் இருப்பது மூன்றும் ஒன்றல்ல. குடலில் அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு நன்றாக நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ரத்தத்துக்குள் போக அதற்கு ஒரு வாசல் வேண்டும். வாசலைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

ஜூலை 7

சாரல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 10

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் என்டிஎம்-1 பற்றிய கட்டுரை வந்தபோதே எல்லாம் கண்ணெதிரே இருந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 நோயாளி மாதிரிகளில் என்டிஎம்-1. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லியைக் குறிப்பதால், தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம் என்பதுதான் அன்றைய சண்டை. பெயருக்குக் கொதித்த அளவு 44 என்ற எண்ணுக்கு நாடு கொதிக்கவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போது கோபத்தில் கை நடுங்குகிறது. இரண்டு வருடம் கழித்து, 2012 ஆகஸ்டில், மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடிச் சென்னைப் பிரகடனத்தை எழுதின. அதை முன்னெடுத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். கடை விற்பனையோடு நில்லாமல், ஆஸ்பத்திரிக்குள் தொற்றுக் கட்டுப்பாடும் ஆய்வக வசதியும் வேண்டும் என்றும் அது கேட்டது. கடையைப் பற்றிய பாதிதான் ஜனங்கள் மனசில் தங்கியது.

ஜூலை 15, செவ்வாய்

பெரிய மருந்து ஏன் இவ்வளவு ஓடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிகிற பதில், எந்தக் கிருமி என்று தெரியாததுதான். தெரியாதபோது டாக்டர் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைத்தான் எடுப்பார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே எடுப்பேன். தெரிந்துகொள்ளும் வழி எளியது. முதல் ஊசி போடுமுன் இரண்டு வெவ்வேறு இடங்களில் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களில் விட வேண்டும். தோலை மருந்து தொட்டுத் துடைத்து அது காயும்வரை பொறுக்க வேண்டும், பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். கொஞ்சமாக எடுத்தால் கிருமி சிக்காமலே போகலாம். 2019இல் வந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்துக்கு முன் எடுத்த ரத்தத்தில் நூற்றுக்கு 31 பேரிடம் கிருமி வளர்ந்தது. மருந்து ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் அதே ஆட்களிடம் மறுபடி எடுத்தபோது அது 19ஆகக் குறைந்துவிட்டது. இடையில் காணாமல் போனவர்களுக்கு நோய் தீரவில்லை, தடயம்தான் அழிந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் மருந்து ஏற்றினாலும் இருட்டில் ஏற்றுவதுதான்.

காத்திருந்தால் உயிர் போய்விடுமே என்பார்கள். ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்பதே உலக நடைமுறை. ஆனால் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவை என்று இங்கே யார் கேட்டார்கள்? ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும், உடனே மருந்தை ஆரம்பிக்கலாம், ரிப்போர்ட் வந்ததும் சிறிய மருந்துக்கு இறங்கலாம். இந்த இறங்குவதுதான் முக்கியம். ஆள் தேறிவருகிறார், ஏன் மாற்ற வேண்டும் என்று அந்தப் படியிலேயே நின்றுவிட்டால் கல்ச்சர் எடுத்ததற்கே பொருளில்லை. சின்ன ஊரில் இதற்கெல்லாம் ஏது வசதி என்பது அடுத்த கேள்வி. பாட்டில் பயணம் போகும். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸிலேயே சுமார் இரண்டு மணி நேரம்தான். செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தனியார் ஐசியுவில் ஒரே ஒரு நாள் கூடுதலாகப் படுத்தால் ஆகும் பணத்தோடு கல்ச்சர் செலவை வைத்துப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 16

கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைத்த மருந்து. வேறு எதுவும் கேட்காததால் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கோழித் தீவனத்தில் கலப்பதற்கு 2019 ஜூலையில்தான் தடை வந்தது.

ஜூலை 17, ஆடி 1

கொஞ்சம் தெம்பான விஷயம். 2024 நவம்பரில் பேலன்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 7 நாடுகள், 74 ஆஸ்பத்திரிகள், ரத்தத்தில் கிருமி கண்ட 3,608 நோயாளிகள். பாதிப் பேருக்கு 7 நாள் மருந்து, மீதிப் பேருக்கு 14 நாள். 90 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 14.5, இரண்டாவதில் 16.1. பாதி மருந்து போதுமாக இருந்திருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களையும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் பொருந்தாது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும், கூடக் கொடுத்தால் கூட நல்லது என்ற நம் பழைய நினைப்பு அசைந்துவிட்டது.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விடியுமுன்னே பேரருவிக்குப் போகிற வண்டிகளின் சத்தம்.

ஜூலை 26, சனி

வாசலைப் பற்றி. கழுத்து நரம்பிலோ தொடை நரம்பிலோ போடும் சென்ட்ரல் லைன் இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் போய் நிற்கும் குழாய். அதில் தொற்று ஏறினால் இடையில் தடுக்க எதுவும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியுக்களில் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் செய்து காட்டி 2006இல் வெளியிட்டதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை. கை கழுவு, உடம்பு முழுக்க மூடும் துணி போட்டுக் குழாயை வை, தோலைக் குளோரெக்சிடினால் துடை, தொடையைத் தவிர், தேவையில்லாவிட்டால் உடனே எடு. ஆயிரம் குழாய்-நாளுக்குச் சராசரியாக 7.7ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4ஆனது. நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு சிஸ்டர் இத்தனை படுக்கையைப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் கை கழுவ நேரம் எங்கே என்று கேட்டால், அது அந்தச் சிஸ்டர் சொல்ல வேண்டிய பதில் இல்லை. ஆள் போடாதவர்கள்தான் சொல்ல வேண்டும். மற்ற நான்கில் கடைசியானதைச் செய்ய மருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம், தினமும் காலையில் யாராவது ஒருவர் கேட்டால் போதும். மூன்று வாரமாக மருந்தின் பெயர்களையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளை ரவுண்ட்ஸ் ஒன்பது மணிக்கு. கேட்க வேண்டியது: கழுத்தில் இருக்கும் அந்தக் குழாய் இன்னும் தேவையா?