சூரைச்செடியின் கீழ் ஒரு மனிதன்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-18



கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்குப் பின் வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடம் மன்றாடினான். அவன் ஜெபிக்கத் தெரியாதவன் அல்லன். விசுவாசத்தில் குறைந்தவனும் அல்லன். ஆயினும் அவன் உள்ளம் தளர்ந்துபோயிற்று.

அப்பொழுது தேவன் செய்ததைக் கவனியுங்கள். அவனை அவர் கடிந்துகொள்ளவில்லை, உறங்கவிட்டார். தூதனை அனுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாந்தரமும் போஷித்தார். ஓரேபில் அவன் தன் துயரத்தை இருமுறை சொல்லச் செவிகொடுத்தார். பின்பு எலிசாவை அவனுக்குத் துணையாக்கினார்.

இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்த நான், அதன்படி செய்யத் தவறிய ஒரு நாளை இன்று உங்களிடம் அறிக்கையிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆராதனை முடிந்தபின் ஒரு வாலிபச் சகோதரன் என்னிடம் வந்தான். "ஐயா, இராத்திரியில் தூக்கமே இல்லை. எதற்கு உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றுகிறது" என்றான். அடுத்த கூட்டத்திற்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "விசுவாசத்தைத் தளரவிடாதே தம்பி, மூன்று நாள் உபவாசித்து ஜெபம்பண்ணு" என்று சொல்லி, அவன் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டில் யார் உடனிருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.

அதே வாரத்தில் அவனை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்டேன். கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டான். கண்விழித்தபின் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நீங்கள் சொன்னபடியே உபவாசம் இருந்தேன், ஐயா" என்பதே. சோர்ந்து கிடந்தவனுக்குத் தேவன் அடை கொடுத்தார். நானோ சாப்பிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மனநல மருத்துவரின் சிகிச்சையாலும், மாதக்கணக்கில் உட்கொண்ட மருந்தாலும், தாயாரின் அரவணைப்பாலும் அவன் நலமடைந்தான். அவன் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளுவதை நாம் அவிசுவாசம் என்பதில்லை. உறக்கமின்மையும், பசியின்மையும், எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 முதல் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். நீங்கள் சொல்லுவதை இரகசியமாகக் காக்கும்படி 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களைக் கடமைப்படுத்துகிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் சூரைச்செடியின் கீழ் இருப்பதாகத் தோன்றினால், "சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று அன்பாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. பாரம் இறங்க வழி பிறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதிருங்கள். பூச்சிமருந்தையும் மிஞ்சிய மாத்திரைகளையும் அவருக்கு எட்டாதபடி அகற்றுங்கள். ஆபத்து நெருங்கினால் 108ஐ அழையுங்கள். அதன்பின் என்னையும் அழையுங்கள்; எந்நேரமானாலும் வருவேன். இம்முறை முதலில் கேட்பேன், பின்பு ஜெபிப்பேன்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, சோர்ந்துபோனவர்களை நீர் தொட்டு எழுப்பும். அவர்களுக்கு ஆகாரம் கொண்டுசெல்லும் தூதர்களாக எங்களை அனுப்பும். அவசரத்தில் நாங்கள் கேளாமல்போன குரல்களுக்காக எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.